புயலுக்குப் பிறகும் மாதம் ஏறும்: பேரிடர்ப் பகுதிகளில் கர்ப்பகாலக் கவனிப்பு என்றால் என்ன?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ராமாபுரத்தில் ஒரு மொட்டை மாடியிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது. அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது, ஆலுவா பக்கம் பனிக்குடம் உடைந்திருந்த ஒரு பெண்ணைக் கடற்படை அதேபோல் கயிறு கட்டித் தூக்கியது. இரண்டு காட்சிகளும் நாடு முழுக்கப் பரவின. வெள்ளத்தில் சிக்கிய கர்ப்பிணி என்றால் பலருக்கு இன்றும் கண்முன் வருவது அந்தக் கயிறுதான்.

அந்த வேலையைச் செய்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்தப் படங்கள் பார்க்கிறவர்கள் மனதில் ஓர் எண்ணத்தையும் ஊன்றிவிட்டன: பிரசவ நேரத்தில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் கர்ப்பிணியைக் காப்பாற்றியாகிவிட்டது என்று. அதே நாளில் அதே ஊரில் ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்த பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவருக்கு வலியும் இல்லை, அவசரமும் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு இன்னும் நான்கு மாதம் அந்த ஊரில் அவர் கர்ப்பிணியாகவே இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த நான்கு மாதங்களைப் பற்றியது.

## முதலில் ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் 2020 கணக்கின்படி ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 குழந்தைகள் பிறந்தன. பத்தாயிரம் பேர் வாழும் ஒரு பகுதியைப் புயல் அடித்துப்போட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆண்டுக்கு 140 பிரசவம். கர்ப்பம் ஒன்பது மாதம் என்பதால் எந்த ஒரு நாளை எடுத்தாலும் நூறு பெண்களுக்கு மேல் கர்ப்பமாக இருப்பார்கள். அவர்களில் அந்த மாதமே பிரசவிக்கப் போகிறவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கலாம்.

மீட்புப் படையின் கண்ணில் படுவது அந்தப் பன்னிரண்டு பேர்தான். மீதித் தொண்ணூறு பேரில் பலருக்கு வயிறு சிறியதாக இருக்கும், சிலருக்கு வெளியே தெரியவே தெரியாது. சிலர் கர்ப்பம் என்பதைக் குடும்பத்துக்கு வெளியே இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. எந்தச் சமூகத்திலும் ஏறக்குறைய 15 சதவீதக் கர்ப்பங்களில் மருத்துவர் தலையிட்டே ஆக வேண்டிய சிக்கல் ஒன்று வரும் என்று உலக அளவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் நூறு பேரில் பதினைந்து பேர். அந்தப் பதினைந்து பேர் யார் என்று முன்கூட்டியே விரல் நீட்டிச் சொல்ல முடியாது. எல்லோரையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வந்தால்தான் தெரியும். கர்ப்பகாலக் கவனிப்பு என்ற ஒன்று இருப்பதற்கே காரணம் அதுதான்.

## ஒரு தடவை பார்த்தால் ஏன் போதாது?

வீட்டு மின்சார அட்டையை நினைத்துப் பாருங்கள். கணக்கெடுப்பவர் வந்து மீட்டரைப் பார்த்து 4,320 என்று எழுதுகிறார். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வீட்டில் மின்சாரம் அதிகம் செலவாகிறதா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு மேல் வரியில் இரண்டு மாதம் முன்பு எழுதிய எண் இருக்க வேண்டும். இரண்டையும் கழித்தால்தான் சேதி தெரியும். அட்டை தொலைந்துபோனால், மீட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் கணக்கு நின்றுபோகும்.

கர்ப்பிணியின் தாய் சேய் நல அட்டையும் இப்படித்தான் வேலை செய்கிறது. எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு (ஹீமோகுளோபின்), வயிற்றின் உயரம் என்று ஒவ்வொரு முறையும் நர்ஸம்மா எழுதுகிற எண்களில் பெரும்பாலானவை தனியாக நின்றால் அதிகம் சொல்லாது. முந்தைய எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பேசும்.

ஓர் உதாரணம். முப்பதாவது வாரத்தில் ஒரு பெண்ணின் ரத்த அழுத்தம் 130/86. கர்ப்பிணிகளுக்கு 140/90 தொட்டால்தான் உயர் ரத்த அழுத்தம் என்பார்கள். ஆகவே மருத்துவ முகாமில் முதன்முறையாக அவரைப் பார்க்கிற டாக்டர், பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். அவர் மேல் தவறில்லை. ஆனால் அட்டையில் பன்னிரண்டாம் வாரம் 100/70, இருபதாம் வாரம் 104/70 என்று இருந்தால் கதை வேறு. எண் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் கழித்து வரச் சொல்லாமல், அடுத்த சில நாட்களிலேயே திரும்பப் பார்ப்பார்கள், சிறுநீரையும் சோதிப்பார்கள்.

கர்ப்பகாலக் கவனிப்பு என்பது இதுதான்: கரு உண்டானது தெரிந்த நாள் முதல் பிரசவம் வரை, ஒரே பெண்ணைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்து, மாற்றத்தைக் கவனித்து, சிக்கல் பெரிதாகும் முன் பிடிப்பது. இந்தியாவில் குறைந்தது நான்கு பரிசோதனைகள் என்று வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் எட்டு முறை என்கிறது.

## அட்டையில் உள்ள எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

எல்லாவற்றையும் விளக்கப் போவதில்லை. பேரிடருக்குப் பின் அதிகம் ஏமாற்றுகிற மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது ரத்தம். கர்ப்பத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. ஆனால் அதில் நீர்ப்பகுதிதான் வேகமாகக் கூடும், சிவப்பணுக்கள் பின்தங்கும். குழந்தையும் நஞ்சுக்கொடியும் வேறு இரும்புச்சத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள், குறையத் தொடங்கும். 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. இதற்காகத்தான் நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் என்று கொடுக்கிறார்கள்.

மாத்திரை ஒரு வாரம் நின்றால் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் நின்றால்? அப்போதும் பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் மூச்சு வாங்கல். புயலுக்குப் பிறகு யாருக்குத்தான் களைப்பு இல்லை? பிரசவத்தன்றுதான் அதன் விலை தெரியும். நல்ல ரத்தம் உள்ள பெண்ணின் உடல் அரை லிட்டர் ரத்தம் போனாலும் தாங்கிக்கொள்ளும். அதே அளவு இழப்பு கடுமையான ரத்தசோகை உள்ள பெண்ணின் உயிரையே எடுக்கலாம். டிசம்பரில் கிடைக்காத மாத்திரையின் விளைவு ஏப்ரலில் தெரிகிறது. அப்போது அதைப் புயலின் கணக்கில் எழுதுவாரும் இல்லை.

இரண்டாவது ரத்த அழுத்தம். இருபதாம் வாரத்துக்குப் பிறகு சிலருக்கு அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும். இதை ப்ரீ-எக்லாம்ப்சியா என்கிறார்கள். நஞ்சுக்கொடி சரியாக வேரூன்றாததில் தொடங்கி, தாயின் ரத்தக் குழாய்களைக் கெடுத்து, சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை போகும் நோய் இது. முற்றினால் வலிப்பு வரும், ஊர்ப்பக்கம் ஜன்னி என்று சொல்வது அதைத்தான். தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. கையில் பட்டையைச் சுற்றி அளந்தால்தான் தெரியும்.

மூன்றாவது குழந்தையின் வளர்ச்சி. இருபதாம் வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் மேல்முனை வரை இன்ச் டேப்பில் அளந்தால் எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்கும். 28 வாரத்தில் 28, சரி. நான்கு வாரம் கழித்தும் 28தான் என்றால் குழந்தை வளராமல் நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்கேன் வசதி இல்லாத முகாமிலும் ஒரு டேப்பும் பழைய அட்டையும் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்தால்: மூன்று சிக்கலும் சத்தமில்லாமல் வளரும், மூன்றையும் எளிய கருவிகளால் பிடிக்கலாம், ஆனால் தொடர்ந்து அளந்தால் மட்டுமே பிடிக்கலாம்.

## புயல் எதை அறுக்கிறது?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தென்னந்தோப்புகள் போனதைப் பற்றி நிறைய எழுதினார்கள், அது நியாயம்தான். அந்த மின்சாரமில்லாத வாரங்களை ஒரு கர்ப்பிணியின் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

மோட்டார் ஓடாது, அதனால் நல்ல தண்ணீர் இல்லை. துணை சுகாதார நிலையத்தில் விளக்கு இல்லை. கர்ப்பத்தில் சுகர் வந்து இன்சுலின் போடுகிறவருக்கு ஃப்ரிட்ஜ் இல்லை. ஈர மணலில் வைத்த மண்பானை கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கும். ஆட்டோ வராது. கிராம சுகாதாரச் செவிலியரின் வீடும் அதே ஊரில், அதே ஓடு பறந்த நிலையில் இருக்கும். ஊரில் யாருக்கு எத்தனை மாதம் என்று தலைக்குள் வைத்திருக்கிற ஒரே ஆள் அவர். அவர் தன் பிள்ளைகளுக்குக் கூரை தேடிக்கொண்டிருப்பார்.

அப்புறம் இடமாற்றம். வீடு போனதும் கர்ப்பிணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது நம் வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆனால் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து போக வேண்டியவர் நான்காம் மாதத்திலேயே வேறு மாவட்டத்துக்குப் போகிறார். இந்த ஊர் நர்ஸம்மா பட்டியலில் "ஊரில் இல்லை" என்று இருக்கும், அந்த ஊர் பட்டியலில் பெயரே இருக்காது. இரண்டு ஊருக்கும் நடுவே விழுந்துபோகிற பெண்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

கழிப்பறை விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கர்ப்பகாலக் கவனிப்பில் சேர்ப்பதில்லை. பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ முந்நூறு பேர் தங்கியிருக்கிறார்கள். இரண்டு கழிப்பறை. தாழ்ப்பாள் சரியில்லை, விளக்கு இல்லை. கர்ப்பிணிக்கு அடிக்கடி சிறுநீர் வரும், கருப்பை மூத்திரப்பையை அழுத்துவதால். அவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், இருட்டும் வரை அடக்கி வைப்பார். சிறுநீர்த் தொற்று வரும். கர்ப்பத்தில் அது எளிதாகச் சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவத்தைக் கிளப்பிவிடும். 37 வாரம் முடியுமுன் பிறப்பதைத்தான் குறைமாதம் என்கிறோம். ஒரு தாழ்ப்பாளும் ஒரு பல்பும் அந்த முகாமில் போட்டவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறார்.

தண்ணீரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கழிவுநீர் கலந்த குடிநீரால் பரவும் மஞ்சள் காமாலைகளில் ஹெபடைடிஸ் இ என்று ஒன்று. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். கடைசி மூன்று மாதத்தில் உள்ள கர்ப்பிணிக்கு வந்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்கக்கூடும். வெள்ளத்துக்குப் பின் கர்ப்பிணிக்குக் கொதித்து ஆறிய நீர் மட்டும்தான்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. நிவாரணமாக வருவது லெமன் சாதம், பிரெட், பிஸ்கட், டீ. பசி அடங்கும். முட்டை, கீரை, பருப்பு இருக்காது. அங்கன்வாடி மூடியிருப்பதால் சத்துமாவும் நின்றிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக்கூடாது, இரண்டுக்கும் நடுவே ஓரிரண்டு மணி நேரம் விட வேண்டும்.

## அட்டை தண்ணீரில் போய்விட்டதா?

போனால் கணக்கை மறுபடி கட்டலாம். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது பிக்மி இணையத்தில் 12 இலக்க எண் ஒன்று கொடுக்கிறார்கள். அந்த எண் இருந்தால் பழைய பதிவுகளை வேறு ஊரிலும் எடுத்துப் பார்க்கலாம். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதே எண்தான். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைக் கணவர் ஃபோனிலும் அம்மா ஃபோனிலும் ஒரு புகைப்படமாக வைத்துக்கொள்வது, பேரிடருக்கு முன்பே ஒரு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய காரியம்.

எண்ணும் போய்விட்டது என்றால் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். முகாமில் அது இப்படி நடக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

"கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்சே?"

"தேதி ஞாபகம் இல்லக்கா."

"சரி, ஆடிப்பெருக்குக்கு முன்னாடியா பின்னாடியா?"

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அன்னிக்குப் படைக்கிற இடத்துல நான் தள்ளித்தான் நின்னேன்."

போதும். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 என்றால் கடைசி மாதவிடாய் ஆகஸ்ட் 1. அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் மே 8. அதுதான் பிரசவத்தை எதிர்பார்க்கும் தேதி. டிசம்பர் 10 அன்று இந்தப் பேச்சு நடந்தால் அவருக்குப் பதினெட்டு வாரம் முடிந்து பத்தொன்பதாவது ஓடுகிறது. இப்போது எந்தத் தடுப்பூசி பாக்கி என்று சொல்லலாம், புதுசாக ஓர் அட்டையில் முதல் வரியை எழுதலாம், இருபது வாரம் தாண்டியதும் வயிற்றின் உயரத்தை அளந்து ஒப்பிடலாம். முடிந்தவரை சீக்கிரம் ஒரு ஸ்கேன் எடுத்தால் தேதி உறுதியாகும். மாதம் ஏற ஏற, ஸ்கேனில் தேதி கணிப்பது துல்லியம் குறையும்.

ஒரு மருத்துவ முகாம் நடத்தி ஐம்பது கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, எதையும் எழுதிக் கொடுக்காமல் திரும்பி வருவதை நல்ல மனம் கொண்டவர்களே செய்கிறார்கள். எழுதாத பரிசோதனையில் பாதிப் பயன் போய்விடுகிறது. அடுத்து பார்க்கப் போகிறவருக்கு அந்த எண் வேண்டும்.

## மருந்து கொடுக்கும் இடத்தில்

வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்சிசைக்ளின் மாத்திரையை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுப்பதுண்டு. கர்ப்பிணிக்கு அது ஏற்றதல்ல. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். வரிசையில் நிற்கும் பெண் "நான் மாசமா இருக்கேன்" என்று வாய்திறந்து சொன்னால் வேறு மருந்து கொடுப்பார்கள். பத்து ஆண்கள் நிற்கும் வரிசையில் மூன்றாம் மாதப் பெண் அதைச் சொல்வாரா? சொல்ல மாட்டார். அதனால் கேட்க வேண்டியது கொடுக்கிறவரின் பொறுப்பு.

ஆணி, தகரம் குத்திய காயங்கள் புயலுக்குப் பின் சாதாரணம். கர்ப்பிணிகளுக்கு, காயத்தால் வரும் டெட்டனஸ் நோயைத் தடுக்கும் டிடி தடுப்பூசி நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போடப்படுகிறது. ஒன்று போட்டு இன்னொன்று விட்டுப்போனதா என்று பார்க்க வேண்டும்.

## "அழாதே, குழந்தைக்கு ஆகாது"

வீட்டை இழந்த, சொந்தத்தை இழந்த கர்ப்பிணியிடம் எல்லோரும் சொல்வது இது. ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள், ஆனால் அவர் தலையில் இன்னொரு சுமை ஏறுகிறது: துக்கம் போதாதென்று, தன் துக்கமே குழந்தையைக் கெடுக்கிறது என்ற குற்ற உணர்வு.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பெரிய பனிப்புயல் அடித்து, சில இடங்களில் ஒரு மாதத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் போனது. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைகளின் மொழி, அறிவு வளர்ச்சியில் தெரிந்த வேறுபாடுகள், தாய் மனதில் எவ்வளவு கலங்கினார் என்பதைவிட, எத்தனை நாள் மின்சாரமின்றித் தவித்தார் போன்ற வெளிக்கஷ்டங்களோடுதான் அதிகம் பொருந்தின. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. தாயின் அழுகையை நிறுத்தும் முயற்சியில் செலவிடும் நேரத்தை, அவருக்கு விளக்கும் தண்ணீரும் தனியிடமும் வருகிற நாளைக் குறைப்பதில் செலவிட வேண்டும். அழ வேண்டியவர் அழட்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். தூக்கமே இல்லை, சாப்பிடவே பிடிக்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

2004 சுனாமிக்குப் பின் நம் கடற்கரையில் நடந்த ஒன்று இந்தப் பேச்சோடு சேர்ந்தது. தமிழ்நாட்டில் இறந்த ஏறக்குறைய 8,000 பேரில் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள், அவர்களில் குழந்தைகள் ஏராளம். இரண்டு பிள்ளைகளோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்கள் பலர் அந்த ஒரு காலையில் பிள்ளைகளை எல்லாம் இழந்தார்கள். கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியது, சிலர் மீண்டும் கருவுற்றார்கள்.

இந்தக் கர்ப்பங்களுக்குக் கவனிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும். இணைத்த குழாயில் கரு கருப்பைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே தங்கிவிடும் ஆபத்து அதிகம். அது குழாயை வெடிக்கச் செய்து உயிரைப் பறிக்கும். அதனால் நாள் தள்ளிப்போனதுமே, ஆறு ஏழு வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துக் கரு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வயதும் கூடியிருக்கும், பிரஷரும் சுகரும் வர வாய்ப்பு கூடும். இதையெல்லாம் அவர்கள் கடந்தது தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில், வெயிலில் உள்ளே நிற்க முடியாத வெக்கையில். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, வேலையிடத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளானவர்களுக்குக் கருச்சிதைவோ குழந்தை இறந்து பிறப்பதோ ஏறக்குறைய இருமடங்கு நேர்வதாக 2024இல் சொன்னது. நிவாரணக் குடியிருப்புக்கு எந்தக் கூரை போடுவது என்பதும் கர்ப்பகாலக் கவனிப்பில் அடங்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சுருக்கமாக: பேரிடர் அட்டையை மட்டும் அழிப்பதில்லை. தண்ணீர், கழிப்பறை, வெப்பம், மருந்து, செவிலியர், ஊர் என்று கணக்கை நடத்திய எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைக்கிறது.

## அமைப்புகள் என்ன செய்கின்றன?

உலக அளவில் பேரிடர் நேரத்துக்கென்று குறைந்தபட்சத் தொடக்கச் சேவைத் தொகுப்பு என ஒன்றை வகுத்திருக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியவற்றின் பட்டியல் அது. வயிறு தெரியும் கர்ப்பிணிகளுக்குச் சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல் அடங்கிய சுத்தமான பிரசவப் பை, இரவும் பகலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு ஆகியவை அதில் உண்டு. முழுமையான கர்ப்பகாலக் கவனிப்பு அடுத்த கட்டத்துக்குரியது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், முடிந்தால் அதற்கு முன்பே, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். முதல் நாளில் உயிர் காப்பதுதான் முதன்மை என்பதால் அந்த வரிசை சரியே. ஆனால் பேரிடர் நாளில் ஆறாம் மாதத்தில் இருந்தவர், அந்த அடுத்த கட்டம் வருவதற்குள் பிரசவித்தே முடித்திருப்பார். கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு அந்த அடுத்த கட்டம் இன்னும் தள்ளிப்போகும்.

புயலை முன்கூட்டியே சொல்ல முடிகிற இடங்களில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் டானா புயல் வருமுன் ஒடிசா 4,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றியது. தமிழ்நாட்டிலும் புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நெருங்கியவர்களின் பட்டியலை எடுத்து முன்பே சேர்த்துவிடுகிறார்கள். இப்படி ஒரு பட்டியல் கையில் இருப்பதே சாதாரண நாட்களில் செவிலியர்கள் வீடுவீடாக எழுதியதால்தான். இலங்கையில் அந்த வேலையைக் குடும்ப நல உத்தியோகத்தர்கள் செய்கிறார்கள். புயலுக்கு முன் எடுத்த அதே பட்டியலில் மூன்றாம் மாதத்துப் பெண்களும் ஐந்தாம் மாதத்துப் பெண்களும் இருக்கிறார்கள். புயல் கடந்த மறுவாரம் அதை மறுபடி எடுத்து, ஒவ்வொரு பெயரும் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் விட்டுப்போகிறது.

## உதவிக்குப் போகிறவர்களுக்கு

நிவாரணப் பொருட்களோடு போகும் இளைஞர்களுக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முகாமில் பெண் தன்னார்வலர் ஒருவர் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியவை சில உண்டு. யாராவது மாசமாக இருக்கிறார்களா, எத்தனை மாதம், எந்த ஊர், அட்டை இருக்கிறதா, மாத்திரை எத்தனை நாளாக இல்லை, போன பிரசவம் சிசேரியனா. இதை எழுதி அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தால் போதும். அங்கிருந்து அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஊர் மாறினால் புது ஊரின் நிலையத்துக்கும் ஒரு ஃபோன் செய்ய வேண்டும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் பட்டியலையும் அட்டையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், 108க்கு உடனே அழைக்க வேண்டும்: ரத்தப்போக்கு, தண்ணீர் போல் கசிதல், விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு, அதிகக் காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நிற்பது, 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு வரும் வலி. எட்டாம் மாதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு, வண்டி வரக்கூடிய சாலை எது, பாலம் உடைந்திருந்தால் மாற்று வழி எது, இரவில் கூடப் போவது யார், ரத்தம் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதை முதல் வாரத்திலேயே பேசி வைத்துவிட வேண்டும். அவசரமில்லாத சந்தேகம் என்றால் 104 எண்ணில் கேட்கலாம்.

பிரசவம் முடிந்ததும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டாம். ரத்தப்போக்கும் வலிப்பும் காய்ச்சலும் பிரசவத்துக்குப் பின் வரும் நாட்களிலும் வரக்கூடியவை. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இன்னும் 180 நாள் இருக்கிறது.